இறந்துபோன எதிராளி

குறிகட்டுவானில் படகேறும்போது
அளவைக் கருவியை
மடியில் வைத்துக்கொண்டேன், நனையாதிருக்க.
மூன்றாண்டில் இது இரண்டாம் முறை.
அதே நெடுந்தீவு. அதே காணி.
பெயர் கள்ளியடிப்புலம்,
விரிவு நாற்பத்திரண்டு பரப்பு.
அனுப்பியது மட்டும் வேறு நாடு.

முதலில் வந்தவர்கள் காற்றை அளந்தார்கள்.
சீமெந்து குழைத்துக் கம்பம் நட்டார்கள்,
எனக்குப் பால் விடாத தேநீர் தந்தார்கள்.
பிறகு கொழும்பில் ஏதோ ஒரு கடிதம்
ஏதோ ஒரு மேசையைத் தாண்டவில்லை.
கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
சீமெந்துக் கட்டி கிடக்கிறது,
பாதி பிடுங்கிய பல்.

இப்போது வந்தவர்கள்
அதிலிருந்து நாலடி தள்ளி
வேறு குழி தோண்டச் சொல்கிறார்கள்.
பழையதையே பாவிக்கலாமே என்றேன்.
அதிகாரிக்கு வயது முப்பதுகூட இராது.
அவர் பார்த்த பார்வையில்
அவர் பிறப்பதற்கு முந்திய கோபம் இருந்தது.

எனக்கு அந்தக் கோபத்தைத் தெரியும்.
கொக்குவிலில் ஒரு வேலி வழக்கு.
அறுபத்தெட்டாம் ஆண்டு
யாரோ ஒரு பூவரசங் கதியாலை
ஒரு சாண் அரக்கி நட்டார்.
வழக்காளி செத்தார். எதிராளி செத்தார்.
பூவரசும் செத்து, அந்த இடத்தில் மதில் எழும்பியது.
போன தையில் தவணைக்கு வந்தவர்கள்
ரொறன்ரோவிலிருந்து ஒரு மருமகன்,
அற்றோணித் தத்துவத்தோடு ஒரு பெறாமகள்.
முன்பின் கண்டிராதவர்கள்.
கண்டதும் முகத்தைத் திருப்பினார்கள்,
ஒத்திகை பார்த்ததுபோல.

"பனிப்போர் முடிஞ்சுதெண்டுதானே அக்கா படிச்சனாங்கள்?"
கோலைப் பிடித்தபடி நிரோஜன் கேட்டான்.
நான் கண்ணாடிக்குள் கண்ணை வைத்திருந்தேன்.
"ஒரு பக்கம் பேரையும் மாத்திப்போட்டுப் போட்டினம்.
பிறகென்ன?"
கோல் சாய்கிறது என்றேன்.

எங்கள் தொழிலில் எவரும்
வெறும் நிலத்தை அளப்பதில்லை.
முந்தியவனின் படத்தை விரித்து
அவன் நட்ட கல்லைத் தேடித்தான் தொடங்குவோம்.
அவன் கை நடுங்கிய இடத்தில்
என் கோடும் நடுங்கும்.
அவன் பிழை என் முத்திரையோடு
பதிவுக் கந்தோருக்குப் போகும்.

எண்பதுகளில் ஒரு கப்பலுக்குப் பயந்தார்கள்,
திருகோணமலையில் நங்கூரமிடும் என்று.
அந்தக் கப்பல் வரவேயில்லை.
ஆனால் கோப்புகளுக்குள்
அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.
மொஸ்கோ என்று இருந்த இடத்தைச் சுரண்டி
பெய்ஜிங் என்று எழுதியிருப்பார்கள்.
சுரண்டிய தாளில்
மை கொஞ்சம் ஊறித்தான் இருக்கும்.

மத்தியானம் குதிரைகள் வந்தன.
போர்த்துக்கேயனோ ஒல்லாந்தனோ விட்டுப்போனவை.
சீமெந்துக் கட்டியில் முதுகை உரசிவிட்டு
கல்வேலியோரம் புல்லுக்குப் போயின.
கைப்பேசி சிணுங்கியது:
இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம்.
நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன்.

காணிக்காரர் மரியநாயகம்
இரண்டு முறையும் ஒரே கேள்விதான் கேட்டார்.
"கறண்ட் எப்ப பிள்ளை வரும்?"
என் படிவத்தில் அதற்குக் கூடில்லை.
கிழக்கு ஒழுங்கை, வடக்கு சவக்காலை,
தெற்கு பங்குக் கிணறும் அதன் வழிவாய்க்காலும்,
மேற்கு கடல்.
எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இருட்டியதும் ஜெனரேற்றர் இருமி இருமிப் பிடித்தது.
இரவு தீவிலேயே தங்கினோம்.
விடிய, முதல் படகுக்கு முன்
ஒரு தரம் எட்டிப் பார்க்கப் போனேன்.
பழைய சீமெந்திலிருந்து
எங்கள் புதிய கட்டைக்குக் கயிறு இழுத்து
அவர் மனிசி
நாலடி நீளத்துக்குக்
கருவாடு காயப்போட்டிருந்தா.

"கட்டையைப் பிடுங்கிப்போடுவினமோ?" எண்டு கேட்டா.
தெரியாது என்றேன்.
"அப்ப காயட்டும்."